கடலில் நின்ற கோடு

வரைபுத்தாளை விரித்துப் பார்த்த சோதனைச் சாவடிச் சிப்பாயின் முகம் மாறிவிட்டது.

யுத்த காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில் கைப்பைக்குள் எது இருந்தாலும் சமாளிக்கலாம், தெருக்களின் படம் மட்டும் இருக்கக் கூடாது. கனகேஸ்வரிக்கு அது இப்போதுதான் உறைத்தது.

y அச்சுக்கு ‘ரயில் பாதை’ என்று பெயர் எழுதியிருந்தாள். அதற்கு இடப்பக்கம் ‘கடல்’. வலப்பக்கத்தில் x = 3 என்று நிமிர்ந்து நின்றது காலி வீதி என்ற பெருந்தெரு. y = 1, y = 2 என்று படுத்துக் கிடந்தவை கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள்.

எந்தக் கோடு நிற்கும், எது படுக்கும் என்று குழம்பாமல் இருக்க அவளே கண்டுபிடித்த வழி. மத்தியானம் முழுக்க அடிமட்டம் வைத்துக் கீறியது. அழகாக வேறு வந்திருந்தது. அதுதான் வினை.

“இது என்ன, நங்கி? எங்கட சென்ட்ரியையும் போட்டிருக்கிறியா?” தங்கச்சியை விளிப்பதுபோலச் சிங்களத்தில் கேட்டான்.

“கணக்கு, மாத்தயா. டியூஷனுக்குப் போறன்.”

அவளுடைய ஒற்றைப் பின்னலையும் துணிப்பையையும் பார்த்தான். சந்தியில் ஜீப் நின்றது. அதற்குள் ஏற்கெனவே பிடிபட்ட இரண்டு பேர். ஏறினால் யார் வந்து கையெழுத்து வைத்து எடுப்பது? வாடகை வீட்டு அன்ரி பொலிஸ் பக்கமே போகமாட்டார்.

“கணக்கெண்டா, x = -2ஐக் கீறு பாப்பம்.”

கீறினாள். ரயில் பாதைக்கு இடப்பக்கம், இரண்டு கட்டம் தள்ளி, கடலுக்குள் மேலிருந்து கீழாக ஒரு கோடு.

“பிழை!” அவன் விரல் x அச்சைத் தட்டியது. “x படுத்துத்தானே கிடக்கு? அப்ப இதுவும் படுக்கத்தானே வேணும்? நானும் ஓ.எல். சோதனை எடுத்தவன், நங்கி. கணக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது தெரியாதா?”

விளக்கலாம். x அச்சு வேறு, x = -2 வேறு. இரண்டே வசனம். சிங்களத்திலும் சொல்ல வரும்.

அவன் ஜீப் பக்கம் திரும்பினான்.

அவள் அழிறப்பரை எடுத்தாள். கடலில் நின்ற கோட்டை அழித்தாள். கடலையும் ரயிலையும் காலி வீதியையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்படி, படுக்கையாக ஒன்று கீறினாள்.

“ஆ, ஹரி! சரிதான்!” அவன் முகம் மலர்ந்தது. தாளை அவனே நாலாக மடித்துப் பைக்குள் வைத்தான். “பயப்படாம எழுது. பாஸ் பண்ணிருவாய்.”

ஓடாமல் நடந்தாள்.

கடைக்கு மேல்மாடியில் வகுப்பு நிறைந்திருந்தது. தாளை முன்வரிசை வாங்கில் விரித்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

புடைவைக் கடை வேலை முடிந்து வரும் மீசைக்கார நாகேந்திரம் எட்டிப் பார்த்தான். இன்றுவரை ஒரு கோட்டையும் சரியாகக் கீறாதவன்.

“என்ன டீச்சர், நீங்களும் x-ஐப் படுக்க வைச்சிட்டீங்கள்!”

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

“ஓம்,” என்றபடி கனகேஸ்வரி சோக்கை எடுத்தாள். கரும்பலகையில் கோட்டை மேலிருந்து கீழாக இழுத்தாள்.

அது நேராக வரவில்லை.