காபியில் நனையாத பக்கம்

ஹார்லன் பிரேக்கை மிதித்தது ஒரு காட்டு வான்கோழிக்காக. காபியைக் கொட்டியது தன் சொந்தப் பேச்சின் மேல்.

வான்கோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்து பக்கப் பேச்சு. நூலகத்துப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, மாதம் முழுக்க உட்கார்ந்து ஹார்லன் எழுதியது. சொல்ல வருவது ஒரு பக்கம். காரணம் ஒரு பக்கம். ஆதாரம் ஒரு பக்கம். நான்காவதில் எதிர்த்தரப்பை நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஐந்தாவதில் அதை முறிக்க வேண்டும்.

சட்டைப்பையில் இருந்த நான்காவது மட்டும் தப்பித்தது.

மார்ச் மாத ஊர்க்கூட்டம். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பனி இன்னும் முழங்கால் அளவு கிடந்தது. கேள்வி இதுதான்: வரும் குளிர்காலத்திலும் மலைச்சாலையில் ஊர் வண்டி பனி தள்ளுமா, தள்ளாதா?

உச்சியில் மூன்றே வீடுகள். ஒன்றில் ஹார்லனின் மகள் மெரிட், ஏழு மாதக் கர்ப்பிணி. சாலை மூடினால் ஊரைவிட்டே போய்விடுவோம் என்று சொல்லிவிட்டாள்.

வேண்டாம் என்பவர்களில் முன்வரிசையில் எலோயிஸ், ஹார்லனின் எதிர்வீட்டுக்காரி. பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிற ராய்ஸ் அவள் மகன்.

ஹார்லன் எழுந்தார். "மத்த பக்கத்தையெல்லாம் காபி குடிச்சிருச்சு," என்றார். கூடம் சிரித்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை, கையில் இருந்த நான்காவது பக்கத்தை எலோயிஸைப் பார்த்தே வாசிக்கத் தொடங்கினார்.

கூட்டத்தலைவர் டூலி சுத்தியலால் தட்டினார். "ஹார்லன், என்னப் பாத்துப் பேசுப்பா." அந்தக் கூடத்தில் புருஷன் பெண்டாட்டியிடம் பேசினாலும் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

ஹார்லன் டூலியின் வழுக்கையைப் பார்த்து வாசித்தார்.

"அந்த மேட்டில் தடுப்பு கிடையாது. விடியுமுன் ராய்ஸ் தனியாக ஏறுகிறான். போன ஜனவரியில் வண்டி பாதி தூரம் பின்னோக்கிச் சறுக்கியது. வண்டியின் மஞ்சள் விளக்கு திரும்பி வரும்வரை அவன் அம்மா அடுப்புகூடப் பற்றவைக்காமல் சன்னலில் நிற்கிறாள். மூன்று வீட்டுக்காக ஒரு பிள்ளையை அனுப்பச் சொல்ல நமக்கு என்ன உரிமை?"

பக்கம் முடிந்தது.

முறிக்க வேண்டிய வார்த்தை ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. எதிரிக்கு வக்கீலாக வாதாடிவிட்டு, சம்பளம்கூடக் கேட்காமல் உட்கார்ந்தார்.

"தள்ளணும்ங்கிறவங்க எந்திரிங்க," என்றார் டூலி.

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

எலோயிஸ் எழுந்து நின்றாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை. அதற்கும் பின்னால் இன்னொன்று. கூடம் முழுவதும், ஆற்றில் பனிக்கட்டி உடைந்து கிளம்புவதுபோல, எழுந்துகொண்டே இருந்தது. ஹார்லன் வாய் பிளந்து பார்த்தார். தானும் எழ வேண்டும் என்பதே மறந்துபோனது.

மதியச் சாப்பாட்டில் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார், எது மனதை மாற்றியது என்று. "நல்லாப் பேசினப்பா," என்றார் ஒருவர். "பீன்ஸ்ல உப்பு பத்தல," என்றார் இன்னொருவர். டூலி, இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தால் பதில் சொல்வதாகச் சொன்னார்.

எலோயிஸ் ஆப்பிள் 'பை' பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். ஹார்லன் பக்கத்தில் போய் நின்றார்.

"எலோயிஸ், நான் ஒரு காரணம்கூடச் சொல்லலையே."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என் பயத்த ஒண்ணு விடாம நீ தெரிஞ்சு வெச்சிருக்க. அவ்வளவும் தெரிஞ்சும் என் பிள்ளைய அனுப்புன்னு நீ எந்திரிச்சு நின்னன்னா, மெரிட்ட நினைச்சு உனக்கிருக்கிற பயம் என்னோடதவிடப் பெருசா இருக்கணும், ஹார்லன். அதுக்கு மேல எனக்கு எதுக்குக் காரணம்?"