முகம் தெரியாத நல்ல உள்ளம்

"படத்த வேற கடையில எடுக்கலாமே சார்?" என்றாள் ரோவீனா. அவள் பார்வை கடையின் மூலையிலேயே நிலைத்திருந்தது.

அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். கோடை வெயிலிலும் கம்பளிக் கோட்டு. அதற்குள் உடம்பென்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம். சத்தமில்லாமல் ஒரு சுரண்டல் லாட்டரிச் சீட்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா வேற கடை? இந்த மாவட்டத்துலயே அதிகமா சீட்டு விக்கிற பெட்ரோல் பங்க் கடை இது. ஒரு விதத்துல பாத்தா, இதான் உன் பல்கலைக்கழகம்!" என்றார் ஆர்மிஸ்டெட், மாநில லாட்டரி வாரியத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. தான் பேசியதைத் தானே ரசிக்க, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் கொஞ்சம் நேரம் ஒதுக்குகிறவர்.

எடுக்கப்போவது விளம்பரப் படம். லாட்டரிப் பணத்தில் உதவித்தொகை பெற்ற மாணவி ரோவீனா, சீட்டு வாங்கும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சீட்டு விற்ற பணத்தில் பரிசு, கடைக்காரர் கமிஷன், இந்த மாதிரிப் படங்கள் எல்லாம் போக மிஞ்சுவதற்குத்தான் கல்வி நிதி என்று பெயர்.

உதவித்தொகை கல்லூரிக் கட்டணத்துக்கே சரியாகப் போய்விடும். படத்தில் நடித்தால் விடுதி அறையும் வாரியத்தின் செலவு. இல்லையென்றால் ரோவீனா இதே ஊரில், இதே கடை வாசலில் வேர்க்கடலை அவிக்கும் அண்டாவைக் கிளறிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"உங்கம்மா வரலியா?" என்று கேட்டார் ஆர்மிஸ்டெட்.

"போயிட்டாங்க சார். நான் சின்னப் பொண்ணா இருக்கும்போதே. என் படிப்புக்குன்னு அப்பா சேத்து வெச்சதும் அதோட போயிடுச்சு."

"ஆஸ்பத்திரிச் செலவு!" என்று அவரே முடிவு செய்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். கேமரா இன்னும் ஓடவில்லை என்று தெரிந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார். "தாயில்லாப் பொண்ணு! இத ஏன் யாரும் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

கடைக்காரர் பர்ல் ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

சீட்டு வாங்குகிறவராக நடிக்கத் தலைநகரிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்திருந்தார்கள். அந்த அம்மாள் நல்ல போஷாக்கோடு, முத்துமாலை போட்டுக்கொண்டு இருந்தாள். ஆர்மிஸ்டெட் அவளைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார்.

"யாருய்யா அது, பேய் மாதிரி?"

"தினம் வர்றவங்க சார். நான் கடை தெறக்க வரும்போதே கதவாண்ட நிப்பாங்க."

"அப்புறம் எதுக்கு நடிகை? அவங்களையே கூப்பிடு!"

"வேணாம் சார்" என்றார் பர்ல்.

"நீ கடலையப் பாருய்யா. கலைய நான் பாத்துக்கறேன்."

அந்தப் பெண் நிறுத்திய இடத்தில் நின்றாள். கையைக் கொடு என்றதும் கொடுத்தாள். அதைத் தொட்டபோது, ரோவீனாவின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச நிறமும் வடிந்துவிட்டது.

"பயப்படாத கண்ணு, கடிக்க மாட்டாங்க" என்றார் ஆர்மிஸ்டெட். "வசனம் ஞாபகம் இருக்குல்ல? 'நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. ஆனா நீங்கதான் என்னைப் படிக்க வெக்கறீங்க.' நானே எழுதினது. ஸ்டார்ட்!"

"நீங்க யாருன்னே எனக்கு..." என்று தொடங்கிய ரோவீனா அங்கேயே நின்றுவிட்டாள்.

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் அதே இடம். எத்தனையாவது டேக் என்பது கேமராக்காரருக்கே மறந்துபோயிற்று.

"ஏம்மா, தெரியாதவங்கள தெரியாதுன்னு சொல்றதுல என்னம்மா கஷ்டம்? விடுதி அறைக்கு இன்னொரு பொண்ணும் கேட்டுக்கிட்டிருக்கா, ஞாபகம் வெச்சுக்கோ!"

அந்தப் பெண் இமைக்கவே இல்லை. ரோவீனா திக்கும்போதெல்லாம் அவளுடைய வெளுத்த உதடுகள் மட்டும் அசைந்தன. ரோவீனாவுக்கு எடுத்துக்கொடுப்பதுபோல, அதே வசனத்தை ஓசையின்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடைசித் தடவை" என்றார் ஆர்மிஸ்டெட்.

ரோவீனா அந்த உதடுகளையே பார்த்தாள்.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது." கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "ஆனா நீங்கதான் என்னைப் படிக்க வெக்கறீங்க."

"கட்! கண்ணீர்கூட நிஜம்யா!" ஆர்மிஸ்டெட் தன் வசனத்துக்குத் தானே கை தட்டினார். "முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரு. ஒருத்தர் தோக்கறாரு, ஒருத்தர் படிக்கறாரு. இதான்யா லாட்டரியோட ஆன்மா! விடுதி அறை உனக்குத்தாம்மா!"

விளக்குகளை அணைத்தார்கள். நடிகை முத்துமாலையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பர்ல் அண்டாவுக்கு முன்னால் போய், யாரையும் பார்க்காமல் கடலையைக் கிளறினார்.

அந்தப் பெண் மட்டும் கையை விடவில்லை. சுரண்டிய சீட்டுகளின் வெள்ளிப் பொடி ரோவீனாவின் விரல்களிலும் ஒட்டியிருந்தது. கோட்டு உரசக் குனிந்து, காதோடு காதாகச் சொன்னாள்:

"உன் படிப்புக் காசத் திருப்பிக் கட்டிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லு."