ஆறா, ஒன்பதா?

“அந்தப் பெட்டி என்னோடது மேடம்!”

“பொய், நம்பாதீங்க மேடம். என்னோடது!”

தகட்டு வேலைச் சான்றிதழ்த் தேர்வை நடத்த வந்த அதிகாரிக்குத் தலை சுற்றியது. வேலைக்குச் சேர்ந்து அவள் நடத்தும் முதல் தேர்வு இது.

மேசை மேல் இரண்டு தகரப் பெட்டிகள். தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் ஒன்று சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மற்றது, மூலையில் ஈயம் பிடிக்காமல், சளி பிடித்த பிள்ளை மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

எது யாருடையது என்பதுதான் வழக்கு.

அடித்தகட்டில் அவரவர் தேர்வு எண்ணை அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்திருந்தார்கள். ஒருவர் ஆறு, மற்றவர் ஒன்பது. இரண்டுக்கும் ஒரே அச்சு. எண்ணுக்குக் கீழே கோடு போட இருவருமே மறந்துவிட்டார்கள். இப்படிப் பிடித்தால் ஆறு, திருப்பிப் பிடித்தால் ஒன்பது.

உதவியாளர் அவள் காதில் ஓதினார். “ரெண்டு பேரும் ஒரே பட்டறை மேடம். சின்னவரோட அக்காவைத்தான் பெரியவர் கட்டியிருக்கார். பட்டறையில இருக்கிறது ஒரே ஒரு நிரந்தர வேலை. சான்றிதழ் வாங்குறவருக்குத்தான் அது.”

அப்படியா சங்கதி!

“நல்லதா ஒண்ணு இருந்தா போதும், உடனே அதுக்கு ரெண்டு அப்பன் வந்துடுவாங்க,” என்றாள். “வெட்கமா இல்ல? வீட்டுக்குப் போய் அந்த அக்கா முகத்துல எப்படி முழிப்பீங்க?”

“நானும் அதைத்தான் இவன்கிட்ட கேட்கிறேன் மேடம்,” என்றார் பெரியவரான மச்சான்.

“கூசாம பொய் சொல்றீங்களே மச்சான்!”

“வாயை மூடு மாப்ளே. இருபது வருஷமா தகடு வெட்டுறவனுக்குத் தன் கைவேலை தெரியாதா?”

“சரி,” என்றாள் அவள். “ஆளுக்கு ஒரு தகடு. என் கண் முன்னாடி மறுபடியும் செய்ங்க. யார் வண்டவாளம் தண்டவாளம் ஏறுதுன்னு பார்ப்போம்.”

வெட்டினார்கள், மடித்தார்கள், தட்டினார்கள், ஈயம் வைத்தார்கள். ஒருவர் வேலையை மற்றவர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டே இருந்தார்.

உதவியாளர் தண்ணீர் ஊற்றினார்.

மச்சானின் பெட்டி இரண்டு மூலையில் ஒழுகியது. மாப்பிள்ளையின் பெட்டி நான்கு மூலையிலும் ஒழுகியது.

“இது பெட்டி இல்ல மேடம், சல்லடை,” என்றார் உதவியாளர், நனைந்த செருப்பை உதறியபடி.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. காலையில் அத்தனை கச்சிதமாக ஒரு பெட்டி செய்த கை, மதியத்துக்குள் எங்கே போனது? அந்த நல்ல பெட்டியை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

“கடைசியா கேட்கிறேன். உண்மையைச் சொல்லலைன்னா ரெண்டு பேருமே ஃபெயில். ஒழுகாத இந்தப் பெட்டி யாரோடது?”

“இவனோடது!” மச்சான் மாப்பிள்ளையைக் காட்டினார்.

“இவரோடது!” மாப்பிள்ளை மச்சானைக் காட்டினான். “ஒழுகினதுதான் என்னோடதுன்னு காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்துறேன், காதுலயே வாங்க மாட்டேங்கிறீங்களே மேடம்!”