நாலு நிமிஷம்

கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. “பத்தே செகண்டில் திறக்கும்” என்று அடித்துச் சொல்லி, போன வாரம்தான் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய டிஸ்க்கைக் கழற்றி, எஸ்.எஸ்.டி. என்ற வேகமான புது டிஸ்க்கை மாட்டியிருந்தார். இப்போது திறக்க நாலு நிமிஷம் ஆகிறதாம்.

“இதுதான் உன் வேலை லட்சணமா? இனிமே உன்னை எவன் நம்புவான்?” என்று பொரிந்துவிட்டு வீட்டுக்காரர் குளிக்கப் போனார்.

மெக்கானிக் துழாவினார். ஆன் செய்ததும் தானாக ஓடும்படி இருபத்து மூன்று புரோகிராம்கள் வரிசைகட்டி நின்றன. போன வாரம் ஒன்றுகூட இல்லை.

“அக்கா, யாரோ வேணும்னே ஏத்தி வச்சிருக்காங்க. இதோ, எல்லாத்தையும் எடுத்துடுறேன்.”

வீட்டுக்காரரின் மனைவி குளியலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கை வச்சிடாதீங்க தம்பி. நான்தான் ஏத்தினேன்.”

“நீங்களா! ஏன்க்கா?”

“பழைய டிஸ்க்குல கால் மணி நேரம் ஆகும். அது திறக்கிறதுக்குள்ள மனுஷன் சும்மா இருக்க முடியாம பாத்திரம் கழுவி, துணியும் மடிச்சு வச்சிடுவார். இப்ப நான் தலைகீழா நின்னும் நாலு நிமிஷத்துக்கு மேல இழுக்க முடியல. பாத்திரத்தோட நின்னுடுது. துணிக்கும் சேர்த்து ஒரு வழி பண்ணுங்க. பக்கத்து வீட்டு அக்காவும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க!”