மெர்சியின் பை

எங்கள் ஊர்ப் பெண்கள் உரிமைச் சங்கத்தின் அலமாரியில் கோப்புகளைவிடத் துணிப்பைகளே அதிகம். அடி தாங்காமல் பையோடு வருகிறவர்கள், புருஷன் வந்து அழுததும் கூடவே கிளம்பிவிடுவார்கள். பை மட்டும் தங்கிவிடும். “இங்கயே இருக்கட்டும்க்கா. ஒவ்வொரு தடவையும் யாரு தூக்கிட்டு வர்றது?” என்று சொல்லிப் போன மெர்சி, ஐந்து வருடமாக வரவில்லை. அவள் பையில் ஒரு சேலையும் மூன்று வயது மகளின் கவுனும் இருந்தன. சங்கத்தை ஒற்றையாளாக நடத்தும் தவமணி அக்கா, வருடாவருடம் அந்தக் கவுனை எடுத்துவிட்டு, ஓர் அளவு பெரியதாக வாங்கி வைப்பார். நேற்று மெர்சி போன் செய்தாள்.

“பை இருக்காக்கா?”

“இருக்குடி.”

“பாப்பா கவுன் இப்ப பத்தாதே.”

“பத்தும். நீ வா.”

மறுமுனையில் கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குக்கர் விசிலடித்தது. மூன்று, நான்கு, ஐந்து. யாரும் அணைக்கவில்லை.