கோழி சூப்

தூக்குவாளியைச் சமையல் மேடையில் ணங்கென்று வைத்தாள் பூமாரி.

"இது என்ன அண்ணாச்சி?"

தாராவியில் காசநோய்க்காரர்களுக்கு ஞாயிறுதோறும் கோழி சூப் கொடுக்கும் சங்கம் அது. புருஷன் வெங்கடேஷுக்காகக் காலையில் வாங்கிப் போனதை மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

சமையல்காரர் பிரம்மநாயகம் எட்டிப் பார்த்தார். ஆறிப்போன சூப் களி மாதிரி உறைந்து நின்றது.

"சூப்புதான் தாயி. சூடு பண்ணினா இளகிரும்."

"அது எனக்கும் தெரியும். வெறும் எலும்பை வேகவச்சாத்தான் இப்படி உறையும். கறி போட்டு வச்சா ஒரு நாராவது கெடக்காதா? எலும்புத் தண்ணிய நானே வச்சுக் குடுப்பேனே. கறிக்கடை பாய் எலும்பைச் சும்மாவே தருவாரு. கறி உள்ள போனாத்தான் மருந்து தாங்கும்னு டாக்டர் சொன்னதாலதான இங்க வந்து வரிசையில நிக்கேன்? சீக்காளி வயித்துலயா அடிப்பீங்க?"

பிரம்மநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார் சங்கத் தலைவர் சிவகுருநாதன். வாளியைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"என்னவே இது? கிலோ கணக்குல கோழி வாங்கிப் போடுதேன். நோயாளிக்குப் போற கறியத் தொட ஒமக்கு எப்படிவே மனசு வந்துச்சு?"

"அண்ணாச்சி, நான்..."

"பேசாதேயும். இனிமே இந்தப் பக்கம் தலை காட்டக்கூடாது."

பிரம்மநாயகம் அவரையே ஒரு கணம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

'நல்லா வேணும்' என்றிருந்தது பூமாரிக்கு.

"நீ கவலைப்படாத தாயி. அடுத்த வாரம் நானே நின்னு பாக்கேன்" என்றார் சிவகுருநாதன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழைக்காகக் கோபப்படவும் ஒரு மனுஷர் இருக்கிறாரே. கைகூப்பிவிட்டு வாசலுக்கு வந்தாள். அவர் மாடியேறிப் போனார்.

செருப்பை மாட்டும்போது மேலேயிருந்து பிரியாணி வாசமும் சிரிப்பும் சேர்ந்து இறங்கின. நிர்வாகிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தலைவரே, நம்ம மீட்டிங் சாப்பாடுன்னா சாப்பாடுதான். வாயில ஒரு எலும்பு தட்டுப்படலியே."

"எப்படித் தட்டுப்படும்?" சிவகுருநாதனின் குரல் கேட்டது. "எலும்பை எல்லாம் கீழ சூப்புக்கு அனுப்பிருவோம்லா."