எம்ரிஸ் ஆடிய இடம்

“நான் எந்த இடத்துல ஆடுறேன்னாவது உனக்குத் தெரியுமாம்மா?”

“எந்த இடமா இருந்தா என்னடா? கை கால் முழுசா வீடு வந்து சேர்ந்தா சரி.”

கார்டிஃப்பிலிருந்து திரும்பும் ரயிலில் அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொண்டது. மகன் எம்ரிஸ் வேல்ஸ் நாட்டுக்காக முதன்முதலில் ரக்பி ஆடிய நாள் அது. அவனுக்கு எங்கே அடிபட்டுவிடுமோ என்ற பயத்தில், அம்மா நெஸ்ட்டா ஆட்டம் முடியும்வரை மைதானத்துக்கு முதுகைக் காட்டியே நின்றாள். அதன்பின் அவள் எந்த ஆட்டத்துக்கும் போகவில்லை. போர் வந்ததும் எம்ரிஸ் விமானப்படையில் பைலட்டாகச் சேர்ந்துவிட்டான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எம்ரிஸின் அப்பா, சேப்பலில் ஆராதனை முடிந்து திரும்பி, கணப்பருகே உட்கார்ந்தார்; ஐவர் என்பது அவர் பெயர். சுரங்க வெடிவிபத்தில் கண் போன நாளிலிருந்து அதுதான் அவர் இடம். மடியில் மகனின் வெல்வெட் தொப்பி. நாட்டுக்கு ஆடியவர்களுக்கு மட்டுமே கிடைப்பது. அதன் குஞ்சத்தை நீவிக்கொண்டே கேட்டார்.

“லெட்டர் வந்திருக்குன்னியே, படி.”

நெஸ்ட்டா கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்தாள். மடிப்புகளில் அது கிழியத் தொடங்கியிருந்தது.

“அன்புள்ள அப்பா, அம்மா, நல்லா இருக்கேன். இங்க குளிர் அதிகம். அம்மா, அப்பாவை மஃப்ளர் இல்லாம வெளிய விடாதே.”

“பாரேன்! தன் சாக்ஸைத் தானே துவைச்சதில்ல, எனக்குப் புத்தி சொல்றான். அப்புறம்?”

“நேத்து விமானப்படை டீமுக்கு ஆடினேன். எட்டுப் பேரும் தோளோட தோள் கோத்துக் குனிஞ்சு, எதிராளிங்களை முட்டித் தள்ளினோம். நடு வரிசையில நான்தான்...” அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஜெயிச்சுட்டோம்.”

“அழறியா?”

“இல்லீங்க, புகை. இந்தக் கரி சரியில்ல.”

“நம்ம சுரங்கத்துக் கரியைக் குறை சொல்லாதே!”

ஐவர் வழக்கம்போல் பெரிதாகச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“நெஸ்ட்டா, நம்ம பையன் ஓரத்துல ஓடுறவன். பந்து கைக்கு வந்தா காத்து மாதிரி பறப்பான். அந்த முட்டுற கூட்டத்துல ஒரு நாளும் தலையைக் கொடுத்தவனில்ல. ஆனா நாலு மாசமா, நீ படிக்கிற ஒவ்வொரு லெட்டர்லயும் முட்டுறான்.”

நெஸ்ட்டா தாளை மடிக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது.

“மொத வாரமே கேக்க நினைச்சேன். வாய் வரல. நீ தனியா அழுற, நான் தனியா சிரிக்கிறேன். போதும். உன் கையில இருக்கிற அந்தத் தந்தியை, அதுல என்ன எழுதியிருக்கோ அப்படியே, ஒரே ஒரு தடவை எனக்குப் படிச்சுக் காட்டு.”